பழைய வேகப் படகு: எந்த டிரைவை நம்பி வாங்குவது?

பழைய வேகப் படகு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன். அடுத்து, என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பார்கள். அந்தச் சக்தியைத் தண்ணீரில் சேர்க்கும் டிரைவ், தன் தாங்குதிறனுக்கு எவ்வளவு நெருக்கத்தில் உழைத்தது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. பின்னால் செலவு வைப்பது பெரும்பாலும் அதுதான்.

இந்தக் கோணத்தில் மூன்று ஜோடிகளைப் பார்ப்போம். ஒன்று, மெர்குரூசர் 496 மேக் ஹெச்ஓ என்ஜினும் பிராவோ ஒன் டிரைவும். இரண்டு, மெர்க்குரி ரேசிங்கின் ஹெச்பி525 இஎஃப்ஐ என்ஜினும் பிராவோ எக்ஸ்ஆர் டிரைவும். மூன்று, சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) வைத்த வெராடோ அவுட்போர்டு, அதாவது என்ஜினும் டிரைவும் ஒன்றாகப் படகின் பின்பலகைக்கு வெளியே தொங்குவது.

முதல் இரண்டும் ஸ்டெர்ன்டிரைவ். என்ஜின் படகுக்குள் இருக்கும். சுழற்சி பின்பலகையின் துளை வழியாக வெளியே வந்து, டிரைவின் மேல்பகுதியில் 90 டிகிரி கீழ்நோக்கித் திரும்பும். அடியில் இன்னொரு 90 டிகிரி திரும்பித்தான் புரொப்பெல்லரைத் தொடும். ஆக, இரண்டு இடங்களில் கூம்புப் பற்சக்கரங்கள், என்ஜினுக்கும் டிரைவுக்கும் நடுவே வளைந்தபடி சுழற்சியைக் கடத்தும் யூ-ஜாயின்ட்டுகள், பின்பலகையில் அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங், இவற்றுக்குத் தண்ணீர் போகாமல் காக்க வெறும் ரப்பர் உறையான பெல்லோஸ். அவுட்போர்டில் கிராங்க்ஷாஃப்ட் செங்குத்தாக நிற்பதால் ஒரே ஒரு திருப்பம்தான். பின்பலகையில் பெரிய துளையும் கிடையாது. பெல்லோஸ் கிழிந்தால் முதலில் பேரிங் போகும், கவனிக்காமல் விட்டால் படகே மூழ்கும். அந்தக் கவலை அவுட்போர்டுக்காரருக்கு இல்லை.

சரி, 496-க்கும் 525-க்கும் என்ன வித்தியாசம்? 496 என்பது 8.1 லிட்டர், 425 குதிரைத்திறன். 525 என்பது 8.2 லிட்டர். கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதலான 100 குதிரைத்திறன் வால்வுகளைத் திறக்கும் கேம், சிலிண்டர் ஹெட், அதிகச் சுழற்சி ஆகியவற்றிலிருந்து வருகிறது. வால்வ் ஸ்பிரிங் போன்றவற்றை அவ்வப்போது மாற்றியே தீர வேண்டிய பொருளாகக் கருத வேண்டிய என்ஜின் அது. ஒழுங்காகப் பராமரித்த ரசீதுகள் இருந்தால் 525 அருமையான என்ஜின். ரசீது இல்லை, 'போன வருஷம்தான் எல்லாம் பார்த்தோம்' என்ற வாய்வார்த்தை மட்டும் இருந்தால், என்ஜினைப் பிரிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 496 அவ்வளவு முரண்டு பிடிக்காது.

டிரைவைப் பொறுத்தவரை எக்ஸ்ஆர் வலுவான பற்சக்கரங்களோடு வருவது. 425 குதிரைத்திறனைச் சாதாரண பிராவோ ஒன் நியாயமாக ஓட்டினால் தாங்கும். ஆபத்தான ஜோடி வேறு: 496-க்குப் பின்னாளில் சூப்பர்சார்ஜர் பூட்டி, டிரைவை மட்டும் பழையபடியே விட்ட படகு. கட்டை வண்டி அச்சில் லாரிப் பாரம் ஏற்றிய கதைதான். விலை எவ்வளவு குறைந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

பற்சக்கரத்தை உடைப்பது மணிக்கணக்கு அல்ல, அலை. படகு எகிறும்போது புரொப்பெல்லர் காற்றில் சுழன்று ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாயும். திராட்டிலைக் குறைக்காமல் அப்படியே இறங்கினால், தண்ணீர் சட்டென்று பிடித்து நிறுத்தும் அடி முழுவதும் மேல் பற்சக்கரத்தில்தான் விழும். ஏரியில் 600 மணி நேரம் ஓடிய டிரைவ், கொந்தளிக்கும் கடலில் 150 மணி நேரம் குதித்த டிரைவைவிட நல்ல நிலையில் இருக்கலாம். வெராடோவில் ஒரு வசதி: எந்த ஆர்பிஎம்மில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதன் கணினி பிரித்து வைத்திருக்கும். மற்ற இரண்டிலும் கணினி உண்டு. மெக்கானிக்கிடம் கருவியைச் செருகிப் படிக்கச் சொல்லுங்கள். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

கியர் ஆயில் அதைவிடப் பேசும். படகு ஓரிரவு அசையாமல் நின்ற பிறகு, டிரைவின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். ஓட்டியதும் பார்த்தால் ஆயில் பால்போலக் கலங்கியிருக்கும். திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது இயல்பு, விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். டிரைவின் அடித்துடுப்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், 'டக்' என்ற ஆட்டம், டிரைவைத் தாங்கித் திருப்பும் கிம்பல் வளையத்தின் தேய்மானத்தைக் காட்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வரும் உறுமல் கிம்பல் பேரிங்கையோ யூ-ஜாயின்ட்டையோ காட்டிக்கொடுக்கும்.

வெராடோவும் குறையற்றது அல்ல. ஆறு சிலிண்டர் மாடல் ஒன்றே சுமார் 288 கிலோ, அதைத் தாங்கும் பின்பலகை ஈரம் ஊறி மெத்தென்று ஆகிவிட்டதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் கழற்றி மாட்டுவது எளிது, உப்புத்தண்ணீரில் ஓடிய பிறகு டிரைவை முழுசாகத் தூக்கி வெளியே நிறுத்தலாம். தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் ஸ்டெர்ன்டிரைவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிரைவின் அலுமினிய உடலில் செம்பு கலந்த அடிப்பூச்சு பூசியிருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். பெயின்ட் கொப்பளித்த இடங்களைச் சுரண்டிப் பாருங்கள்.

கடல் என்றால் நான் வெராடோவைத்தான் எடுப்பேன். நல்ல தண்ணீரும் குறைந்த பட்ஜெட்டும் என்றால், யாரும் கை வைக்காத 496. தண்ணீரால் குளிர்விக்கப்படும் புகைக் குழாய்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் எப்போது மாற்றியது என்று கேட்க மறக்காதீர்கள். உள்ளே துருவேறி ஓட்டையானால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். 525-ஐ வேகப் பித்து உள்ளவர்களுக்கும், சொந்தமாக ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கும் விட்டுவிடலாம்.

எதை எடுத்தாலும், நீங்கள் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் தண்ணீரில் முழு திராட்டிலில் ஓட்டி, தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் வரம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். சூப்பர்சார்ஜர் வைத்த ஆறு சிலிண்டர் வெராடோ 300 என்றால் அது 5,800 முதல் 6,400 வரை. தொடவில்லை என்றால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது என்ஜினில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) இறங்கியிருக்கிறது. எது என்பதைக் கம்ப்ரெஷன் டெஸ்ட் சொல்லிவிடும், அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.