குதிரைக் கொட்டிலுக்கு நியூட்டன் பெட்டி: வாங்கலாம், அளவுகோலோடு போங்கள்

திருகோணமலைப் பக்கத் தச்சுப் பட்டறைகளில் செய்து தரும் நியூட்டன் தேனீப்பெட்டியை வாங்குபவர்கள் தேனை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். குதிரை வைத்திருப்பவருக்கு அதில் இன்னொரு பயன் இருக்கிறது. கொட்டிலுக்குள் குடிபுக வரும் தேனீக் கூட்டத்தை வெளியிலேயே மறித்து இருத்திவிடலாம். அந்த வேலைக்கு நல்ல பெட்டிதான். ஆனால் பட்டறையிலிருந்து வந்தபடியே வைத்தால் தேனீ வராது, எறும்பு வரும்.

முதலில் கொட்டிலில் இருப்பது எது என்று பாருங்கள். கொட்டுகிற எல்லாவற்றையும் குளவி என்று சொல்லிவிடுவது நம்மவர் பழக்கம். தண்ணீர்த் தாங்கியின் அடியிலோ கூரைக்கு வெளியிலோ ஒற்றை அடையாக, பாய் தொங்குவதுபோல இருந்தால் அது மலைத்தேனீ. எந்தப் பெட்டிக்குள்ளும் அது வராது. அதில் கைவைக்காமல் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். கூரை வளையில் அரை அங்குல வட்டத் துளையும் கீழே மரத்தூளும் கண்டால் கருவண்டு. உள்ளே ஒன்றும் இல்லாத நேரம் துளையை அடைத்துப் பெயின்ற் பூசினால் சரி. புளொக் கல்லின் பொந்திலும் சீலிங்கின் மேல் இருட்டிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டுவது இந்தியத் தேனீ. பெட்டி அதற்கு மட்டும்தான்.

இனி அளவு. நியூட்டன் பெட்டியின் குஞ்சறையில், அதாவது குஞ்சு வளரும் கீழறையில், அடை கட்ட 7 மரச்சட்டங்கள். ஒவ்வொன்றின் உள்ளளவும் 20.6 சென்ரிமீற்றருக்கு 14.4. பிழை வருவது இதில் அல்ல, சட்டங்களின் இடைவெளியில். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீக்கு உரியவை. அதற்கு ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து மற்றதின் நடுவுக்கு 35 மில்லிமீற்றர். நம் தேனீ சிறியது, 31 அளவில் இருக்க வேண்டும். சட்டத்தின் மேற்கட்டை 22 மில்லிமீற்றர் அகலமென்றால் இடையில் 8 அல்லது 9 விடச் சரியாக வரும். இடைவெளி கூடினால் அடையைக் குறுக்கே கட்டிவிடும். பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கினால் மூன்று அடை கிழியும். குதிரை நிற்கும் வளவில் தேனீயைக் கிளப்ப அதைவிட வேறு வேண்டாம்.

மூடி அடுத்த குறை. இந்தியத் தேனீ பிசின் சேர்த்து இடுக்குகளை அடைக்காது. தச்சர் விட்ட இடைவெளி கடைசிவரை இடைவெளிதான். மாரி மழை அதற்குள்ளால் இறங்கும். மூடியைப் போட்டு உள்ளிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒட்டுப்பலகைப் பெட்டி மலிவென்று எடுத்தால் ஒரு மாரியில் பிரிந்துவிடும். முக்கால் அங்குலக் கட்டிப் பலகையாகக் கேளுங்கள். பெயின்ற் வெளியில் மட்டும், அதுவும் மணம் முற்றாகப் போகும்வரை காயவிட்டு.

பெட்டியை ஏற்றி வைக்கக் கூடத் தரும் 2 அடி உயரத் தாங்கி தேன் எடுப்பவருக்கு வசதி. கூட்டம் தேடி வருவது உயரமான பொந்தை. 6 அடிக்கு மேல் வையுங்கள். தாங்கியின் கால்களுக்கு எறும்புக் கிண்ணம் கட்டாயம். அதில் தண்ணீர் ஊற்றினால் கச்சான் காற்று ஒரே நாளில் வற்றவைத்துவிடும். பழைய எஞ்சின் ஒயில் நிற்கும்.

கொட்டிலிலிருந்து 30 மீற்றராவது தள்ளி, வாசல் குதிரை போகும் வழிக்கு முதுகு காட்டியபடி, காலை வெயிலும் பின்னேர நிழலும் விழும் இடமாகப் பாருங்கள். மேற்கட்டைகளில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்து, தேன் இல்லாத பழைய அடைத்துண்டு ஒன்றை உள்ளே வைத்தால் மணம் பிடித்து வரும். மெழுகுப்புழு வைக்காமல் அந்தத் துண்டை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மழை ஓய்ந்து பூ தொடங்குமுன் பெட்டி ஏறியிருக்க வேண்டும். பக்கத்தில் கல் போட்ட ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள். குதிரைத் தொட்டிக்குப் பழகிய தேனீயைத் திருப்புவது பெரும்பாடு.

ஏற்கெனவே சுவருக்குள் கூடு இருந்தால் இதே பெட்டிக்கு மாற்றலாம். பின்னேரம் குதிரையைத் தூரக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் தொடங்குங்கள். புகைக்குப் பொச்சு போதும், ஆனால் வைக்கோல் கிடக்கும் இடம். புகைக்கருவியை மண் வாளியில்தான் வைக்க வேண்டும். குஞ்சு அடைகளை வெட்டி, மேற்பக்கம் மேலேயே இருக்க, வாழைநாரால் சட்டத்தில் கட்டுங்கள். தேன் அடையைக் கட்டக் கூடாது, ஒழுகி எறும்பை அழைக்கும். அரசி உள்ளே போனால் மற்றவை தாமாகப் போகும். பெட்டியை உடனே 30 மீற்றர் தள்ளி வைத்தால் வெளியே போகும் தேனீக்கள் பழைய பொந்துக்கே திரும்பும். இரவில் 3 கிலோமீற்றர் அளவு தூரம் கொண்டுபோய் 3 வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள். பொந்தை மெழுகு சுரண்டிச் சீமெந்தால் அடைக்காவிட்டால் அடுத்த கூட்டம் அதே மணத்துக்கு வரும்.

மருந்து அடிப்பது மலிவு என்பார்கள். செத்த கூடு சுவருக்குள் அழுகும், காவலில்லாத தேன் ஒழுகும், அடித்தது தீவனத்திலும் விழும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் தேனீப்பெட்டிச் சிலந்திப்பேனுக்கும் பயன்படுவதுண்டு. அதைக் கொட்டில் பக்கமே கொண்டுவராதீர்கள். குதிரையின் குடல் அசைவை அது நிறுத்திவிடும். இன்னொன்று: குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். மூக்கில் கொட்டு விழுந்து வீங்கினால் மிருக வைத்தியரை அழைக்கத் தாமதிக்க வேண்டாம். கொடுக்கை உடனே எடுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியமல்ல.

பெட்டியோடு சேர்த்து விற்கும் மேல் தேனறை இந்த வேலைக்குத் தேவையில்லை. அதைக் கழித்து விலை பேசுங்கள்.