கோவை பம்பு போர்டுக்கு எந்தச் சிப்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், எஸ்டி, இன்ஃபினியான்

கோவையில் 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தபோது இரும்பையும் செம்பையும் அறிந்திருந்தால் தொழிலில் இறங்கிவிட முடிந்தது. இன்று கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ சோலார் பம்புக்கான கட்டுப்பாட்டுப் போர்டு வடிவமைக்க நினைக்கும் சிறு நிறுவனம், வார்ப்படத்திலும் காயில் சுற்றுவதிலும் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், எந்தக் குறைகடத்தி நிறுவனத்தை நம்பி இறங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. விலைப்பட்டியலை மட்டும் பார்த்து அதை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிறுவனம் எந்த வேலைக்காகத் தோன்றி, எதை விட்டு, எதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது என்று பார்த்தால், அதன் சிப்பை போர்டில் எந்த இடத்தில் வைக்கலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் தொடக்கம் 1930இல், பூமிக்குள் அதிர்வலைகளைச் செலுத்தி எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடித் தரும் ஒரு நிறுவனமாக அமைந்தது. இன்றைய பெயர் 1951இல் வந்தது. 1954இல் வணிக அளவில் முதல் சிலிக்கான் டிரான்சிஸ்டரை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1958 கோடையில், புதிதாகச் சேர்ந்ததால் விடுமுறை கிடைக்காமல் ஆய்வுக்கூடத்தில் தனியே இருந்த ஜாக் கில்பி, ஒரே ஜெர்மானியத் துண்டில் முழு மின்சுற்றையும் அமைத்துக் காட்டினார். அதற்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் இந்நிறுவனம் கைவிட்டவையும் கவனிக்கத்தக்கவை. நினைவகச் சிப் தொழிலை 1998இல் மைக்ரானுக்கு விற்றது. கைபேசிச் செயலிகளிலிருந்து 2012இல் விலகியது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 650 கோடி டாலருக்கு நேஷனல் செமிகண்டக்டரை வாங்கியது. நம் கடைகளில் எல்எம் என்று தொடங்கும் ஐசிகளில் பல நேஷனல் வழியாக அதன் கைக்கு வந்தவைதாம். ஆக, சிறு சமிக்ஞையை இரைச்சலுக்கு நடுவே பிரித்தறியும் அனலாக் கலையே அதன் முதன்மைத் தொழிலாக நிலைத்துவிட்டது.

கொங்கு நாட்டு விவசாயிக்கு இந்தக் கலை நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கம் ஆயிரம் அடி வரை இறங்கும் போர்வெல்களில் நீர்மட்டம் திடீரெனக் கீழே போனால், தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரால் குளிர்விக்கப்படும் சப்மெர்சிபிள் மோட்டார் வறட்டு ஓட்டத்தில் சூடேறிக் கருகிவிடுகிறது. சுமை குறைந்தாலும் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் அப்படியே இருப்பதால், மொத்த மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் போர்டு இதைத் தாமதமாகவோ தவறாகவோதான் கண்டுகொள்ளும். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாட்டையும், அதாவது ஒன்றன் ஏற்ற இறக்கம் மற்றதைவிட எவ்வளவு பிந்துகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். பேனலின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் வெட்டுத் துடிப்புகளுக்கு இடையே அதைத் துல்லியமாக அளக்க டெக்சாஸின் ஐஎன்ஏ240, ஏஎம்சி1301 போன்ற அளவீட்டுப் பெருக்கிகள் மிகவும் பொருத்தமானவை. இந்த ஓரிடத்தில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பது, மோட்டாரைப் போர்வெல்லிலிருந்து ஏற்றி இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் அர்த்தமற்றது.

மூளையாக இயங்கும் மைக்ரோகண்ட்ரோலரில் போட்டி கடுமையானது. டெக்சாஸின் சி2000 குடும்பம், 1983இல் விற்பனைக்கு வந்த டிஎம்எஸ்32010 சமிக்ஞைச் செயலியின் வழிவந்தது. சென்சார் இல்லாமலே மோட்டாரின் நிலையை மதிப்பிடும் மென்பொருளைச் சில சிப்களின் உள்ளேயே பதித்துக் கொடுக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதன் உட்கரு (நிரலின் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதி) டெக்சாஸுக்கே உரியது என்பதால், அதற்கென எழுதிய நிரலை வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாற்றுவது எளிதன்று.

எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் 1987இல் இத்தாலியின் எஸ்ஜிஎஸ்ஸும் பிரான்ஸின் தாம்சன் குறைகடத்திப் பிரிவும் இணைந்ததில் உருவானது. இப்போதைய பெயர் 1998இல் வந்தது. கல்லூரிப் பிராஜெக்டுகளில் மோட்டார் ஓட்டிய எல்298 ஐசியை அறியாத எலக்ட்ரானிக்ஸ் மாணவர் குறைவு. அது எஸ்ஜிஎஸ் வழிவந்தது. பல நிறுவனங்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் ஆர்ம் உட்கருவுடன் 2007இல் அறிமுகமான எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர், கற்றவர்கள் எங்கும் கிடைக்கும் சிப்பாக வளர்ந்துவிட்டது. பொறியாளர் ஒருவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனால் அடுத்தவர் வந்து நிரலைத் தொடர முடிகிறது என்பதைச் சிறு நிறுவனங்கள் பெரிய வசதியாகக் கருத வேண்டும். இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2021இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது எஸ்டிஎம்32 மிகக் கடுமையாக அருகிப்போய், விலை பல மடங்கு ஏறியது. ஆனாலும் கால் அமைப்பு ஒத்த சீனச் சிப்களுக்குத் தாவி உற்பத்தியைத் தொடர முடிந்ததும் அந்த ஆர்ம் உட்கருவால்தான்.

இன்ஃபினியான் 1999இல் சீமென்ஸிலிருந்து பிரிந்தது. நினைவகப் பிரிவை கிமோண்டா என்று 2006இல் தனியாக்கியது. அது 2009இல் திவாலானது. பின்னர் 2015இல் இன்டர்நேஷனல் ரெக்டிஃபையரையும் 2020இல் சைப்ரஸையும் வாங்கியது. கோவை மெக்கானிக்குகள் பல ஆண்டுகளாகப் பெயரளவில் அறிந்த ஐஆர்எஃப் வரிசை மாஸ்ஃபெட்டுகள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் டிரான்சிஸ்டர்கள்) அந்த முதல் கொள்முதலோடு இன்ஃபினியானுக்கு உரியவையாயின. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைப் போன்றவற்றில் மின்சாரத்தை மாற்றித் தரும் ஐஜிபிடி (உயர் மின்னழுத்தம் தாங்கும் சுவிட்ச் டிரான்சிஸ்டர்) மாட்யூல்களில் இந்நிறுவனம் உலகின் முன்னணியில் இருக்கிறது.

5 எச்பி பம்பு என்றால் சுமார் 3.7 கிலோவாட். 415 வோல்ட் மூன்று கட்ட மோட்டாருக்கு நேர்மின் பக்கம் ஏறத்தாழ 590 வோல்ட் வேண்டும். பேனல்களின் சுமையற்ற மின்னழுத்தம் அதைவிடவும் உயரும் என்பதால் 1200 வோல்ட் தாங்கும் ஐஜிபிடிதான் சரி. ஐஜிபிடியைவிட வேகமாகத் திறந்து மூடும் எஸ்டியின் சிலிக்கான் கார்பைடு சுவிட்ச் டெஸ்லாவின் மாடல் 3 காரில் இடம்பெற்ற புகழால், பம்பிலும் அதைப் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முந்நூறு மீட்டர் கேபிளில் இன்வெர்ட்டரின் துடிப்பு எதிரொலித்து, மோட்டார் முனையில் ஏறத்தாழ இரு மடங்கு மின்னழுத்தம் எழும். சிலிக்கான் கார்பைடின் இன்னும் செங்குத்தான துடிப்பு, காயிலின் முதல் சில சுற்றுகளின் இன்சுலேஷனைத்தான் தாக்கும். ஐஜிபிடியைப் போட்டு, மிச்சமாகும் பணத்தில் வெளியீட்டு ஃபில்டர் வைப்பதே மோட்டாரைக் காக்கும்.

ஆகவே சோலார் பம்புக்கு என் தேர்வு ஒரே நிறுவனமன்று: மூளைக்கு எஸ்டிஎம்32 ஜி4, அளவீட்டுக்கு டெக்சாஸ், மின் திறன் பகுதிக்கு இன்ஃபினியான். பல ஆண்டுகளாக மாறாத பொறியாளர் குழுவும் ஒரே வகைத் தயாரிப்பும் உள்ளவர்கள் மட்டும் சி2000ஐ எடுக்கலாம். வெட் கிரைண்டருக்கு வந்தால் வரிசை மாறுகிறது. மோட்டார் நிரல் எழுத ஆளில்லாத பட்டறைக்கு, கட்டுப்பாட்டு நிரல் ஏற்கெனவே உள்ளடங்கிய இன்ஃபினியானின் ஐமோஷன் சிப் ஏற்றது. 24 வோல்ட் மின்விசிறிக்கு டெக்சாஸின் எம்சிஎஃப்8316 அதே வேலையைச் செய்யும்.

எந்தத் தேர்வானாலும், பிசிபி (மின்சுற்றுப் பலகை) வரையும்போதே மைக்ரோகண்ட்ரோலருக்குக் கால் ஒத்த மாற்றுச் சிப் ஒன்றையும், ஐஜிபிடிக்கு வேறு நிறுவனத்தின் அதே பேக்கேஜையும் சோதித்துப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். வாங்குவது அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமாக இருக்கட்டும், ஏனெனில் தட்டுப்பாட்டுக் காலத்தில் சந்தைக்கு வரும், மேலே வேறு பெயர் பொறித்த மறுமுத்திரைச் சிப்களை போர்டு வயலுக்குப் போவதற்கு முன் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.