வாட்கின்ஸ் கம்பளி மில்: ஒரு பழைய ஃபிட்டரின் பார்வையில்

கான்சஸ் சிட்டியிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் லாசன் என்ற சின்ன ஊர் வந்துவிடும். அதை ஒட்டியிருக்கிறது வாட்கின்ஸ் கம்பளி மில். 1964 முதல் மிசோரி மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது. மகள் வீட்டுக்கு வந்தவனை, "மில் இருக்குப்பா, வாங்க" என்று மாப்பிள்ளை கூட்டிப்போனார். நான் பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இந்த விமர்சனத்தில் இங்குள்ள ஏரியைவிட மிஷின்தான் அதிகம் வரும்.

முதலில் சொல்லவேண்டியது: இங்கே எந்த மிஷினும் ஓடாது. ஆனால் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதுதான் விசேஷம். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டு ஜவுளி மில்களில் பழைய இயந்திரங்களோடு அப்படியே தப்பியது இது ஒன்றுதான் என்கிறார்கள். மியூசியங்களில் ஒரு தறியைத் தனியாகத் துடைத்து வைத்து, பக்கத்தில் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தால் தறி தெரியும், மில் தெரியாது. இங்கே எந்த மிஷினிலிருந்து எதற்குச் சரக்கு போனது, ஆள் எந்தச் சந்தில் நின்றிருப்பான் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.

வால்டஸ் வாட்கின்ஸ் கென்டக்கியிலிருந்து வந்த விவசாயி. 1839இல் இங்கே நிலம் வாங்கினார். அடிமைகளையும் வைத்திருந்தார், பண்ணை வளர்ந்த கதையை அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. செங்கல்லைப் பண்ணையிலேயே அறுத்துச் சுட்டு, மரத்தையும் அங்கேயே வெட்டி, 1859-60இல் கட்டடத்தை எழுப்பினார். 1861இல் மில் ஓடத் தொடங்கியது. அதே வருடம் உள்நாட்டுப் போரும் ஆரம்பித்தது. தண்ணீர் விசையை நம்பாமல் நீராவி இன்ஜின். மிஷின்கள் மிசோரி ஆற்றில் நீராவிப் படகில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் பண்ணைக்கு வந்தன. இழைகளைச் சிக்கெடுத்துப் பிரிக்கிற கார்டிங் மிஷினை மாட்டு வண்டியிலிருந்து இறக்கியவர்களை நினைத்தால் எனக்கு இடுப்பு வலிக்கிறது.

கார்டிங் பகுதியில்தான் நான் நகராமல் நின்றுவிட்டேன். பருத்தியில் கார்டிங்கில் வரும் ஸ்லைவரை, அதாவது முறுக்கில்லாத தடித்த பஞ்சுத் திரியை, டிராயிங் மிஷினில் பலமுறை இழுத்து இழைகளை நேராக்கி, அப்புறம்தான் ரோவிங்குக்கு, அதாவது திரியை மெலிதாக்கி லேசாக முறுக்குகிற வேலைக்குப் போவோம். இங்கே ஓடிய கம்பளி முறையில் அந்த வேலையே இல்லை. கார்டிங்கின் கடைசியில் மெல்லிய படலத்தை நாடா நாடாவாகப் பிரித்து, உருட்டி, நேராக நூற்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால்தான் துணிக்குள் காற்று நிற்கும், குளிர் தாங்கும். நூற்பு மிஷினை ஜாக் என்கிறார்கள். கதிர்கள் வரிசையாகப் பொருத்திய நீள வண்டி ஒன்று வெளியே வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும், உள்ளே போகும்போது கதிரில் சுற்றிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷினிலேயே காலம் தள்ளிய எனக்கு இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போகிற மிஷின் வேடிக்கைதான்.

அதைவிட வேடிக்கை ஃபுல்லிங். நெய்த துணியைச் சோப்பும் வெந்நீரும் ஊற்றி மிதித்துச் சுருங்க வைக்கிற மிஷின். துணி சுருங்கக்கூடாது என்று நாங்கள் படாத பாடு பட்டோம், இவர்கள் அதற்கென்றே மிஷின் வைத்திருக்கிறார்கள்! சுருங்கினால்தான் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிப் போர்வை கனமாகுமாம்.

விட்டத்தில் சுழலும் தண்டான ஷாஃப்டும், பெல்ட் மாட்டும் சக்கரங்களான புல்லிகளும் போகின்றன. ஒரே இன்ஜினிலிருந்து பெல்ட் வழியாக எல்லா மிஷினுக்கும் விசை. பெல்ட்டில் கை மாட்டாமலிருக்கப் பாதுகாப்பு மூடி எதுவும் இல்லை. எங்கள் சேஃப்டி ஆபீசர் பார்த்திருந்தால் அன்றே பூட்டியிருப்பார்.

வேலை மும்முரமாக இருந்தபோது 40 பேர் வரை இருந்தார்களாம். போர்வை, ஃபிளானல், சால்வை, நூல் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அதே கட்டடத்தில் மாவு மில் வேறு. பிறகு ரயில் வந்தது, கிழக்கிலுள்ள பெரிய மில்களின் மலிவுத் துணியும் வந்தது. வாட்கின்ஸ் 1884இல் இறந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் வேலை நின்றுபோனது. பிள்ளைகள் மிஷினைப் பழைய இரும்புக்குப் போடாமல் பூட்டி வைத்தார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் நாம் பார்க்கிறோம்.

குடும்பத்தின் வீடும், 1856இல் கட்டிய எண்கோணப் பள்ளிக்கூடமும் உண்டு. வீட்டை வேகமாகச் சுற்றிவிட்டேன். குழந்தைகளுக்கு ஏரியும் அதைச் சுற்றியுள்ள சைக்கிள் பாதையும் போதும், மில்லுக்குள் பத்து நிமிஷத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். ஏதாவது ஒரு தறியையாவது கையால் தட்டி ஓட்டிக் காட்டினால் அவர்களும் நிற்பார்கள்; அது ஒன்றுதான் குறை.

மில்லுக்குள் வழிகாட்டியோடுதான் போகமுடியும். மில்லில் வேலை பார்த்தவராக இருந்தால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் பாதியில்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் பேசியது வேறு தினுசாக இருந்தது, மாப்பிள்ளைதான் பாவம், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.