வட்டவடை மண்ணில் குத்து பீன்ஸ்: டோலோமைட், எரு, இடைவெளி பற்றி என் அனுபவம்

கேரளத்து இடுக்கி மலையிலிருக்கும் எங்கள் வட்டவடையில், கொடியேறாத குத்து பீன்ஸின் காய்ப்பு குறைந்தால் உடனே உர மூட்டையைத்தான் பிரிப்போம். ஒரே நிலத்தில் சில வருடங்கள் பார்த்தபிறகு சொல்கிறேன், முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் புளிப்பை.

இது மலை மண். மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடும், மண் புளித்துப்போகும். அப்படிப்பட்ட மண்ணில் நாம் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குப் போகாது. காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கும் வேர்முடிச்சும் சரியாக வைக்காது. என் மண்ணுக்குப் பரிசோதனையில் பிஎச் 5-ஐ ஒட்டி வந்தது; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பீன்ஸுக்கு 6 பக்கம் இருந்தால் நல்லது. அதற்கப்புறம்தான் புளிப்பைக் குறைக்கும் டோலோமைட் என்ற சுண்ணாம்புத் தூளை வாங்கினேன். விதைக்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, மண் ஈரமாக இருக்கையில் தூவிக் கொத்திவிடுவேன். உரத்தோடு சேர்த்துப் போடக் கூடாது, தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். முதல் போகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனாலும் பயறு வகைதானே, தழைச்சத்தே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. காற்றிலிருந்து தழைச்சத்தை இழுப்பதில் பீன்ஸ் சோம்பேறி. அதனால்தான் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் மலைப்பகுதிக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்தும் 125 கிலோ மணிச்சத்தும் சொல்கிறது. இங்கே கடைக்குக் கடை கிடைப்பது ஃபேக்டம்பாஸ் என்ற கலப்பு உரம். மூட்டையில் உள்ள 20:20:0:13 என்பது தழை, மணி, சாம்பல் சத்துகளும் கந்தகமும் நூற்றுக்கு எவ்வளவு என்பது. சாம்பல்சத்து கிடையாது, பொட்டாஷ் தனியாக வாங்க வேண்டும். தொடர்ந்து போட்டால் இதுவே மண்ணைப் புளிக்கவைக்கும், அப்புறம் மறுபடி டோலோமைட். மணிச்சத்துள்ள பாறைத் தூளான ராக் பாஸ்பேட் புளித்த மண்ணில்தான் நன்றாகக் கரையும், ஆகவே டோலோமைட் போட்ட பாத்திக்கு அதை நான் தேடுவதில்லை.

தொழு உரம் ஹெக்டேருக்கு 25 டன் என்பது பரிந்துரை. சென்ட்டுக்குச் சுமார் 100 கிலோ. அவ்வளவு சாணத்துக்கு எங்கே போவது? கிடைத்ததோடு ஆட்டுப்புழுக்கையும் சேர்த்து ஒப்பேற்றுகிறேன். லாரியில் வரும் கோழி எரு மலிவுதான், ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். மட்க வைத்துப் போட்டாலும் அளவு மீறினால் இலை காடாகும், பூ குறையும்.

இடைவெளி விஷயத்துக்கு வருகிறேன். உரச்செலவே இல்லாமல் பலன் தந்தது இதுதான். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15. பக்கத்துத் தோட்டத்து மாமா, "என்ன மாப்ளே, பாதி நிலத்தைச் சும்மா போட்டிருக்க?" என்றார். மூடுபனி இறங்கினால் நெருக்கி நட்ட பாத்தியில் வெயில் ஏறிய பிறகும் இலை காய்வதில்லை. துரு நோய் அங்கேதான் பிடிக்கிறது. இடைவெளி விட்டபிறகு மருந்தடிப்பு குறைந்தது, காயும் கறையில்லாமல் வருகிறது. ஓணத்துக்கு முன்னால் சரக்கு எடுக்க வரும் வியாபாரி அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரே தொல்லை, கயிறு கட்டி வரிசையாக ஊன்ற ஆள்கூலி கூடுகிறது. கொடி பீன்ஸ் போடுகிறவர்கள் இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குக் கம்பும் வேண்டும், இடமும் இன்னும் அகலமாக வேண்டும்.