எல்க் வேட்டை: டரெட்டைத் திருப்புவதா, ரெட்டிகிள் கோட்டை நம்புவதா?

கொலராடோ மலைச்சரிவில், 500 கஜத்தில் ஓர் எல்க் (பெரிய மான்). 200 கஜத்துக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த, .300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கியில் தோட்டா அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 3 அடி இறங்கிவிடும். இதைச் சரிக்கட்ட இரண்டு வழி.

டரெட்டை, அதாவது ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) மேலுள்ள குமிழைத் திருப்பினால், ஒரு கிளிக்குக்குக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நகரும் ஸ்கோப்பில் 500 கஜத்துக்கு ஒரு கிளிக் சுமார் 1.3 அங்குலம். இலக்கின் மேலேயே குறி வைக்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் சுட்டபின் ஜீரோவுக்குத் திருப்ப மறந்தால் அடுத்து கிட்டத்தில் சுடும் குண்டு முதுகுக்கு மேலே போகும், அல்லது விலங்கைக் காயப்படுத்தும். அதனால் திருப்பிவைப்பதையும் சேர்த்தே பழக வேண்டும்.

ரெட்டிகிள் கோடு, அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு, வேகமானது. எல்க் நகர்ந்துகொண்டே இருந்தால் அதுதான் உதவும். ஆனால் இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில் (ஜூம் மாறினாலும் கோடுகள் ஒரே அளவில் தெரியும் வகை) கோடுகளின் கணக்கு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரிவரும், பெரும்பாலும் உச்ச அளவில். ஜூமைக் குறைத்துவிட்டு அதே கோட்டில் சுட்டால் தவறும்.

300 கஜம் வரை கோடு போதும், அதற்கு மேல் டரெட். காற்றுக்கு மட்டும் எப்போதும் கோடுதான். அப்புறம், எதைத் தேர்ந்தாலும் மேசையில் அல்ல, முதுகுப்பை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சிரைக்கும்போது சுட்டுப் பழகுங்கள்.