பீட்ரூட்டும் செந்தூராவும்: ஸ்மூத்திக்கு எந்த மிக்ஸி தாங்கும்?

கிருஷ்ணகிரி, தருமபுரி பாத்திரக் கடைகளில் ஸ்மூத்திக்கென்று கேட்டால் மூன்று வகைச் சாமானை எடுத்து வைப்பார்கள். ஒன்று, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற 750 வாட் மிக்ஸியும் அதோடு வரும் ஒன்றரை லிட்டர் ஜூஸ் ஜாரும். அடுத்தது, கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தி ஓட்டும் 400 வாட் குட்டி பிளெண்டர். மூன்றாவது, செல்போன் சார்ஜர் வயரிலேயே சார்ஜ் ஏறும் பாட்டில் பிளெண்டர். வாழைப்பழமும் பாலும் மட்டும் அடிக்கிறவர்களுக்கு மூன்றில் எதுவானாலும் சரிதான். பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளி என்று கிழங்கு உள்ளே விழும்போதுதான் வேறுபாடு தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒழுங்காக ஓடுகிற மிக்ஸி வீட்டில் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இட்லிப் பானையை மட்டும் பரணிலிருந்து இறக்குங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே கலவை வேண்டும். இரண்டு டம்ளருக்குத் தோல் சீவிய பீட்ரூட் 80 கிராம், கேரட் 60 கிராம், செந்தூரா மாம்பழச் சதை 150 கிராம், கெட்டித் தயிர் 100 மில்லி, தண்ணீர் 100 மில்லி, சுண்டுவிரல் நகமளவு இஞ்சி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். சர்க்கரை கிடையாது, செந்தூராவின் இனிப்பே போதும். பீட்ரூட் 100 கிராமைத் தாண்டினால் மாம்பழத்தின் வாசனை எடுபடாது. சுவையும் நிறமும் முழுக்கப் பீட்ரூட்டின் கைக்குப் போய்விடும்.

பீட்ரூட்டையும் கேரட்டையும் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, இட்லித் தட்டில் பரப்பி, ஆவி வந்த பிறகு 12 முதல் 15 நிமிடம் வேகவிடவும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் பதம். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சாயமும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். ஆவியில் வெந்தால் கிழங்கிலேயே தங்கும், தட்டுக்கு அடியில் வடிகிற கொஞ்ச நீரையும் கலவையில் ஊற்றிக்கொள்ளலாம். பச்சையாக அடித்தால்தான் சத்து என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வைட்டமின் சி விஷயத்தில் அது சரி. ஆனால் கேரட்டின் பீட்டா கரோட்டின், வெந்து மசிந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், கூடவே கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். கெட்டித் தயிரில் அது இருக்கிறது. தயிர் பிடிக்காதவர்கள் ஊறவைத்த முந்திரி நாலைந்து போடலாம்.

பீட்ரூட்டின் மண்வாசனைதான் பலரையும் முதல் வாயிலேயே விரட்டுகிறது. ஜியோஸ்மின் என்ற பொருளின் வேலை அது. தோலில்தான் அதிகம் இருக்கும், அதனால் கொஞ்சம் தடிமனாகவே சீவுங்கள். புளிப்பு பட்டால் அது அடங்கும். வெந்த துண்டுகள் சூடாக இருக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்து புரட்டி வைப்பது அதற்காகத்தான். உழவர் சந்தையில் பொறுக்கும்போது எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய, இலைக்காம்பு வாடாத பீட்ரூட்டாகப் பார்த்து எடுங்கள். ஓசூர், தளி பக்கத்திலிருந்து வருகிற சரக்கில் இந்த அளவு கிடைக்கும். கைப்பிடிக்கு அடங்காத பெரிய கிழங்கு உள்ளே நார் கட்டியிருக்கும், எந்த மிக்ஸியும் அதை மையாக்காது.

இனி 750 வாட் மிக்ஸி. இதன் பலம் மோட்டார், பலவீனம் ஜூஸ் ஜார். அகலமான அந்த ஜாரில் 140 கிராம் கிழங்கைப் போட்டால் பிளேடு சுற்றுகிற வேகத்தில் துண்டுகள் சுவரில் அப்பிக்கொள்ளும், நடுவில் காற்றுக் குழி விழும். சத்தம் திடீரென்று மெலிந்து ‘வீ’ என்று உயர்ந்தால் பிளேடு வெறுங்காற்றில் சுற்றுகிறது என்று பொருள். அப்படியே விட்டால் மோட்டார் ஓடுமே தவிர எதுவும் அரைபடாது. அதனால் வேலையை இரண்டு ஜாருக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆறிய கிழங்கும் இஞ்சியும் சட்னி ஜாரில், மூன்று மேசைக்கரண்டி தண்ணீரோடு. இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் மட்டும் ஓடுமே, அந்த விப்பரில் நாலைந்து தட்டு. பிறகு மூடியைத் திறந்து சுவரை வழித்துவிட்டு, இரண்டாம் வேகத்தில் 40 வினாடி. விழுதை விரலால் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. அதன் பிறகு ஜூஸ் ஜாருக்கு மாற்றி, மாம்பழமும் மீதித் தண்ணீரும் சேர்த்து 20 வினாடி. கடைசியில் தயிர், முதல் வேகத்தில் பத்தே வினாடி. தயிரை முதலிலேயே போட்டு வேகமாக ஓட்டினால் மோர் கடைந்த மாதிரி வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும், நுரையும் பொங்கும். ஐஸ் வேண்டுமென்றால் டம்ளரில் போட்டுக்கொள்வதே மேல். பிளேடும் அதன் தண்டைத் தாங்குகிற புஷ்ஷும் ரொம்ப நாள் வரும்.

கிழங்கு சூடாக இருக்கும்போது அரைக்கக் கூடாது. ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், பிளாஸ்டிக் ஜாரில் மயிரிழை விரிசல் விழும், தயிரும் திரியும். 20 நிமிடம் ஆறட்டும்.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டால் உடனே ரிப்பேர் கடைக்குத் தூக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கம் சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும். பளு கூடினால் அது வெளியே தள்ளும். பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் பொறுத்து, சுமையைப் பாதியாக்கி, பட்டனை அழுத்தினால் ஓடும். மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும். ஜாருக்கு அடியில் கறுப்பாக எண்ணெய் கசிந்தால் புஷ் போய்விட்டது, மாற்றும்வரை அந்த ஜாரில் எதையும் அரைத்துக் குடிக்காதீர்கள். இரண்டும் சின்னச் செலவுதான், நம் ஊர் மிக்ஸி ரிப்பேர் கடைகளில் எப்போதும் இருக்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிற கிராமங்களில் மோட்டார் இழுத்து இழுத்து ஓடிச் சூடேறும். அங்கே ஸ்மூத்தியைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

400 வாட் குட்டி பிளெண்டர் ஒரு ஆளுக்கு ஒரு கப் என்றால் கச்சிதம். குறுகலான கப்பாக இருப்பதால் வெந்த கிழங்கை மிக்ஸியைவிடச் சுலபமாக மசிக்கும், கழுவுவதற்கும் ஒரே பாத்திரம்தான். பச்சைக் கேரட்டை மட்டும் கொடுக்காதீர்கள், துருவிப் போட்டால்கூடத் திப்பி நிற்கும். இதில் பலர் செய்கிற தப்பு, மிக்ஸி பழக்கத்தில் தண்ணீரை முதலில் ஊற்றுவது. கப்பைக் கவிழ்த்துதான் ஓட்டுகிறோம், ஆகவே கடைசியாகப் போட்டதுதான் பிளேடுக்குப் பக்கத்தில் வரும். கிழங்கு முதலில், மாம்பழம் அடுத்து, திரவம் கடைசியில். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. மூடிய கப்புக்குள் சூடு ஏறினால் அழுத்தம் கூடி, திறக்கும்போது சமையல் மேடை முழுக்கச் சிவப்பாகும்.

பாட்டில் பிளெண்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனிந்த பழத்துக்கும் சத்துமாவுக்கும் ஓடும். வெந்த பீட்ரூட்டையே கட்டியும் திப்பியுமாக விட்டுவிடும், கெட்டியான கலவையில் பிளேடு நின்று விளக்கு மினுக்கும். கிழங்குக்காக இதை வாங்குவது வீண் செலவு.

மாம்பழம் எது என்பதும் கருவி அளவுக்கு முக்கியம். சீசனில் முதலில் வருவதில் செந்தூரா நார் குறைவு, நிறமும் பீட்ரூட்டோடு சேரும். அல்போன்சாவைக் கிழங்கோடு கலப்பது அநியாயம், அதை அப்படியே சாப்பிடுங்கள். கூழ் ஆலைகளுக்குப் போகிற பெங்களூரா விலை குறைவு, சதை கெட்டி, இனிப்பும் கம்மி. இரண்டு பேரீச்சம்பழம் ஊறவைத்துச் சேர்த்தால் சரியாகும். சீசன் முடிந்தபின் மாம்பழக் கூழ் டின் வாங்குகிறவர்கள் லேபிளில் சர்க்கரை சேர்த்ததா என்று பார்க்க வேண்டும். திறந்த டின்னை அப்படியே பிரிட்ஜில் வைக்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டால் வேண்டும்போது நாலு கட்டி எடுத்துக்கொள்ளலாம். பப்பாளி போடுகிறீர்கள் என்றால் பாலும் தயிரும் கூடாது. அதிலுள்ள பப்பேன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்து அரை மணி நேரத்தில் கசப்பாக்கிவிடும். வேகவைக்காத அன்னாசியும் அப்படித்தான்.

சர்க்கரைவள்ளியையும் இதே முறையில் வேகவைத்து 100 கிராம் போடலாம், தண்ணீரைக் கூடுதலாக 80 மில்லி விடவேண்டும், இல்லாவிட்டால் ஆற ஆறக் களியாகும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மரவள்ளியைப் பச்சையாக அரைப்பது ஆபத்து, அதில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. சேனையும் வேண்டாம், தொண்டை அரிக்கும்.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் தேவை. இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். குடிக்கிற தண்ணீரையே ஸ்மூத்திக்கும் ஐஸுக்கும் எடுங்கள்.

சிறுநீரகக் கல் இருந்தவர்களுக்குப் பீட்ரூட்டின் ஆக்சலேட் ஆகாது, டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாம்பழத்தை 50 கிராமாகக் குறைத்து, அந்த இடத்தை வெள்ளரிக்காயால் நிரப்பலாம். யாராக இருந்தாலும் வடிகட்டக் கூடாது, நார்ச்சத்தில் பெரும்பகுதி சல்லடையில் நின்றுவிடும். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், சிலருக்குப் பீட்ரூட்டின் சாயம் அப்படியே இறங்கும்.

ஜாரில் படிகிற கறை இரண்டு விதம். பீட்ரூட் சாயம் தண்ணீரில் கரையும், எலுமிச்சை மூடியால் தேய்த்து வெயிலில் வைத்தால் வெளுக்கும். கேரட்டின் ஆரஞ்சுக் கறை எண்ணெயில் மட்டுமே கரையும், சோப்பு போட்டுத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம் என்பார்கள். உலர்ந்த ஜாரில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்து, அதன் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.