எட்டு வருடமாகக் கேட்கும் வெஸ் மான்ட்கோமரி ட்ரியோ

அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி, ரிவர்சைட் இசைத்தட்டு கம்பெனிக்காகப் பதிவு செய்த முதல் ஆல்பம் இது. கிட்டார், ஆர்கன், டிரம்ஸ், மொத்தம் மூன்றே பேர். 1959 அக்டோபர் 5, 6 தேதிகளில் நியூயார்க்கில் பதிவானது. என்னிடம் வந்து எட்டு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் மனசில் ஒட்டவே இல்லை.

நான் கேட்ட விதத்தில்தான் தப்பு. போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ட்ரியோவில் பேஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது, அந்த வேலையும் ஆர்கன் வாசிக்கும் மெல்வின் ரைன் தலையில்தான். சின்ன ஸ்பீக்கர் அந்தக் கீழ்ச் சுரங்களை விழுங்கிவிடும். அப்புறம் ஒருநாள் நல்ல ஹெட்போனில் ‘மிசைல் ப்ளூஸ்’ போட்டேன். கிட்டாருக்கு அடியில் ஒருவர் நிதானமாக நடந்து வருவதுபோல பேஸ் வந்தது. அன்றைக்கு அதே பாட்டை நாலு தடவை கேட்டேன். இண்டியானாபொலிஸில் வெஸ் வாசித்த ‘மிசைல் ரூம்’ கிளப்பின் பெயர்தான் அந்தப் பாட்டுக்கு. அங்கே அவர் வாசித்ததைக் கேட்டு அசந்துபோன சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி, ரிவர்சைட் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸிடம் போய்ச் சொன்னதில்தான் இந்த ஆல்பமே பிறந்தது.

வெஸ் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சின்னத் துண்டு) தொடமாட்டார், கட்டைவிரல்தான். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் வாசிப்பு. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு ஆகக் கூடாதென்று விரலுக்கு மாறினாராம். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து மீட்டுவார், நடுவில் இருக்கும் தந்தி வாய் திறக்காது. இந்த ஆல்பத்தில் இருக்கும் ‘ரவுண்ட் மிட்நைட்’டைக் கவனமாகக் கேட்டால், விரல் சதை தந்தியில் படும் அந்த மெத்தென்ற தொடக்கம் தெரியும். எட்டு வருடத்தில் எனக்கு அலுக்காத சத்தம் அது.

குறை உண்டு. பால் பார்க்கரின் டிரம்ஸ் அடக்கமானது; துள்ளல் வேண்டுமென்றால் ஏமாற்றம்தான். ஜிம்மி ஸ்மித்தின் ஆர்கனில் ஊறியவர்களுக்கு ரைன் சப்பென்று தோன்றலாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் 1963-இல் வந்த ‘பாஸ் கிட்டார்’ ஆல்பத்தைத்தான் முதலில் சொல்வேன். அதிலும் ரைன் உண்டு, டிரம்ஸில் ஜிம்மி காப். அது பிடித்துவிட்டால் இதற்கு வாருங்கள்.

இப்போதெல்லாம் வீடு அடங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்கிறேன், ஹெட்போனில்.